நீரிழிவு நோயும் நமது உணவும்: கேட்டறிந்து நடக்க வேண்டிய கடமை

(ரஜப் மாதத்தில் நடைபெற்ற ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நமது பள்ளிவாசலின் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவனுடைய திருத்தூதர் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.



ஆண்டுதோறும் இக்கூட்டத்தில் ரமளானின் சிறப்புகளைப் பற்றிப் பேசுவது எனது வழக்கம். இவ்வாண்டு நீரிழிவு நோயைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். ‘ஹஜ்ரத், அது டாக்டர்கள் பேச வேண்டிய விஷயம் அல்லவா?’ என்று நிர்வாகிகளில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மருத்துவர் பேச வேண்டிய விஷயத்தை முன்பு ஒருமுறை நான் பேசிவிட்டேன். அதனால் நேர்ந்ததைச் சொல்லும் பொறுப்பு எனக்கு இருக்கிறது. ஆகவேதான் இன்று இதை எடுத்துக்கொண்டேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஜும்ஆ பயானில் நபிவழி மருத்துவத்தைப் பற்றிப் பேசினேன். கருஞ்சீரகத்தில் மரணத்தைத் தவிர மற்ற நோய்களுக்கு நிவாரணம் உண்டு என்னும் கருத்தமைந்த ஹதீஸை எடுத்துரைத்தேன். அது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்ற ஸஹீஹான ஹதீஸ். அதைச் சொன்னதில் தவறில்லை. ஆனால் அத்துடன் நான் நிறுத்தவில்லை. ‘நமக்கு ஈமான் குறைந்துவிட்டது, அதனால்தான் மாத்திரை மாத்திரை என்று அலைகிறோம்’ என்று என் சொந்தச் சொல் ஒன்றையும் சேர்த்துவிட்டேன். சபையில் பலர் ‘ஸுப்ஹானல்லாஹ்’ என்றார்கள். எனக்கும் அது நன்றாகச் சொன்னதாகவே தோன்றியது.

அன்று முன் ஸஃப்பில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வந்தவர். மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டு, காலையும் மாலையும் கருஞ்சீரகப் பொடியைத் தேனில் குழைத்துச் சாப்பிடத் தொடங்கினார். நான்கு மாதங்கள் எந்தத் தொல்லையும் தெரியவில்லை. ஐந்தாம் மாதம் செருப்பு வார் உராய்ந்து காலில் சிறு புண் வந்தது. பாதம் மரத்துப் போயிருந்ததால் வலி தெரியவில்லை. வீட்டார் பார்த்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது இரத்தச் சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பிறகு பாதத்தின் முன்பகுதியையும் எடுத்தார்கள்.

நான் நலம் விசாரிக்கச் சென்றேன். அவர் என்னைக் குறை கூறவில்லை. ‘தக்தீர் ஹஜ்ரத்! நீங்கள் சொன்னதைக் கேட்டு நல்லதென்றுதான் செய்தேன்’ என்றார். அவர் தக்தீரைப் பொருந்திக்கொண்டது அவருடைய ஈமானின் சிறப்பு. அதற்குப் பின்னால் என் தவற்றை நான் மறைத்துக்கொள்ளக் கூடாது. அவருடைய சம்மதத்தின் பேரிலேயே, பெயரைக் குறிப்பிடாமல், இதை உங்கள் முன் சொல்கிறேன்.

அன்றிரவு, மதரஸாவில் ஓதிய ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. அபூதாவூதில் உள்ளது. பயணத்தில் இருந்த ஒருவருக்குத் தலையில் காயம் ஏற்பட்டது. அவருக்குக் குளிப்புக் கடமையானபோது, தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று உடனிருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருப்பதால் சலுகை இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி அறிந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அவர்களே அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று கடிந்துரைத்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்னும் கருத்தில் கூறினார்கள். அத்தோழர்களின் நோக்கம் கெட்டதன்று. மார்க்கத்தைப் பேணுவதாக எண்ணியே சொன்னார்கள். இருந்தும் கண்டிக்கப்பட்டார்கள். அன்று முதல் நானும் கேட்கத் தொடங்கினேன். மருத்துவர்களிடம் கேட்டேன், கிதாபுகளையும் மீண்டும் புரட்டினேன். அவ்வாறு அறிந்துகொண்டவற்றையே இங்கு சொல்கிறேன்.

முதலில் அந்தக் கருஞ்சீரக ஹதீஸைப் பார்ப்போம். இமாம் கத்தாபீ (ரஹ்) அவர்கள், அதன் சொல் பொதுவாக இருந்தாலும் பொருள் குறிப்பிட்ட வகை நோய்களையே சாரும் என்று விளக்கினார்கள். இப்னுல் கைய்யிம் (ரஹ்) அவர்கள், ஆது கூட்டத்தாரை அழித்த காற்று எல்லாவற்றையும் அழித்தது என்று குர்ஆன் கூறுவதை இதற்கு உவமையாகக் காட்டுகிறார்கள். ‘எல்லாம்’ என்றால் அந்த அழிவை ஏற்கக்கூடிய எல்லாம் என்பது பொருள். அவர்களுடைய வீடுகள் எஞ்சி நின்றன என்று அதே வசனம் சொல்கிறது அல்லவா! எனவே, எந்த நோயாளியும் எந்த மருந்தையும் விட்டுவிட்டு இதை மட்டும் உண்ணலாம் என்று நம் முன்னோர்கள் அந்த ஹதீஸுக்குப் பொருள் கொள்ளவில்லை. நான்தான் அப்படிப் பொருள் படும்படி பேசிவிட்டேன்.

ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது, ஸகீஃப் குலத்து மருத்துவரான ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அத்துடன் அஜ்வா பேரீச்சையையும் மருந்தாகக் குறிப்பிட்டார்கள். அந்த மருத்துவர் இஸ்லாத்தை ஏற்றவரா என்பதிலேயே அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. துஆவும் மருந்தும் மருத்துவரும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இனி நோயைப் பற்றிச் சில வார்த்தைகள். நாம் உண்ணும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அதை உடலின் திசுக்களுக்குள் செலுத்த இன்சுலின் என்னும் சுரப்பு வேண்டும். அது குறைந்தாலும், இருந்தும் சரிவர வேலை செய்யாவிட்டாலும் சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் அப்படியே இருந்தால் கண், சிறுநீரகம், இருதயம், நரம்பு, பாதம் ஆகியவற்றைச் சேதப்படுத்துகிறது. ஆரம்பத்தில் வலிக்காது என்பதுதான் இந்நோயின் ஆபத்து. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் நீரிழிவு உடையவர்கள், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பவர்கள். நம் மஹல்லாவில் இந்நோய் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ, அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையில் 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அது நீரிழிவாகக் கருதப்படுகிறது. மீண்டும் ஒருமுறை சோதித்து உறுதி செய்துகொள்வார்கள். சிகிச்சையில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அந்தச் சராசரி 7-க்குக் கீழே இருப்பது நல்லது. முதியவர்களுக்கு மருத்துவர் சற்றுத் தளர்த்திச் சொல்லக்கூடும். கருஞ்சீரகம் சாப்பிட்ட அந்தப் பெரியவர் நான்கு மாதங்களில் ஒரே ஒரு முறை இரத்தம் சோதித்திருந்தால் அவருடைய பாதம் தப்பியிருக்கக் கூடும். ‘உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது’ என்னும் நம் எண்ணத்தை இந்நோயில் நம்ப முடியாது. அளந்தால்தான் தெரியும்.

சகோதரர்களே! இதில் பெரும்பங்கு நமது தட்டில் இருக்கிறது. வயிற்றில் மூன்றில் ஒரு பகுதி உணவுக்கும், ஒரு பகுதி நீருக்கும், ஒரு பகுதி மூச்சுக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் வகுத்துத் தந்ததை நாம் அனைவரும் அறிவோம். விருந்துப் பந்தியில் மட்டும் மறந்துவிடுகிறோம். மருத்துவர்கள் சொல்லும் தட்டின் கணக்கும் எளிதானதே. தட்டில் பாதி காய்கறியும் கீரையும். கால் பகுதி மீன், கோழி, முட்டை, பருப்பு, சுண்டல் போன்றவை. எஞ்சிய கால் பகுதி மட்டும் சோறோ சப்பாத்தியோ. நம் வீடுகளில் முக்கால் தட்டுச் சோறும் ஓரத்தில் ஒரு கரண்டிக் கூட்டும் என்று அது தலைகீழாக இருக்கிறது. முதலில் காய்கறியையும் பருப்பையும் மீனையும் உண்டு, பின்னர் சோற்றை உண்பவருக்குச் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது. சாப்பிட்ட பின் பத்து, பதினைந்து நிமிடம் நடந்தாலும் பலன் உண்டு. வாரத்துக்கு 150 நிமிட நடைப்பயிற்சி வேண்டும் என்கிறார்கள். இரு சக்கர வாகனத்தை வீட்டில் விட்டுவிட்டு ஐவேளைத் தொழுகைக்கு நடந்து வந்தாலே பலருக்கு இந்தக் கணக்கு நிறைவேறிவிடும், நன்மையும் கூடுதல்.

தேநீரையும் கணக்கிடுங்கள். ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரை வீதம் நாளைக்கு ஐந்து கோப்பை என்றால் பத்துக் கரண்டி. அதாவது 40 முதல் 50 கிராம். ‘நான் சீனியை விட்டுவிட்டேன், தேனும் கருப்பட்டியும்தான்’ என்பார்கள். தேனில் ஷிஃபா உண்டென்பது குர்ஆன் கூறும் உண்மை. ஆனால் தேனின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரையே. கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் இரத்தத்தைச் சென்றடைந்ததும் சர்க்கரைதான். பேரீச்சம்பழத்தை ஒற்றைப்படையாக உண்பது சுன்னத் என்று சொல்லி ஏழு பழம் உண்பவர்களுக்கு அன்போடு ஒன்று சொல்வேன்: ஒன்று என்பதும் ஒற்றைப்படைதான்.

இப்போது பொடிகள், மாத்திரை வடிவில் வரும் துணை உணவுகள் ஆகியவற்றுக்கு வருகிறேன். வெந்தயத்தில் நார்ச்சத்து மிகுதி. ஊறவைத்து உண்டால் சர்க்கரை ஏறும் வேகம் சற்றுக் குறைகிறது என்று சிறு அளவிலான ஆய்வுகள் காட்டுகின்றன. கருஞ்சீரகத்திற்கும் அவ்வாறே சிறிய பலன் காணப்பட்டுள்ளது. லவங்கப்பட்டையைப் பற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. கடைகளில் கிடைக்கும் மலிவான பட்டையை அதிக அளவில் தொடர்ந்து உண்டால் கல்லீரலுக்குத் தீங்கு நேரலாம். பாகற்காய் நல்ல காய்கறி; அதைப் பொரியலாக உண்ணுங்கள், மாத்திரைக்கு மாற்றாக எண்ணாதீர்கள். இவற்றை உணவோடு உணவாகச் சேர்த்துக்கொள்வதில் பெரும்பாலோருக்குத் தடையில்லை. ஆனால் எதைச் சாப்பிடுகிறீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. மாத்திரையும் பொடியும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடவும் கூடும்.

‘மூன்றே மாதத்தில் சர்க்கரை நோய் முற்றிலும் குணம்’ என்று முத்திரையும் விவரமும் இல்லாமல் வரும் பொட்டலங்களைக் குறித்து எச்சரிக்கையாக இருங்கள். மூலிகை என்ற பெயரில் விற்கப்பட்ட சிலவற்றில், சீட்டில் குறிப்பிடாத ஆங்கில மருந்துகள் கலந்திருந்ததை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கண்டறிந்து எச்சரித்துள்ளது. நம் பள்ளிவாசல் வாசலிலும் ஜும்ஆ நாளில் இத்தகையவை விற்கப்படுகின்றன. ஹதீஸின் பெயரை அட்டையில் அச்சிட்டுவிட்டதால் ஒரு பொருள் நபிவழி மருந்தாகிவிடாது. நிர்வாகிகள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

துணை மருந்து உண்மையிலேயே தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் உண்பவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறைகிறது. அதனாலும் கால் மரத்துப் போகலாம். இரத்தத்தைச் சோதித்து, குறைவிருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

‘ஆங்கில மாத்திரை எல்லாம் ரசாயனம்’ என்று சிலர் ஒதுக்குகிறார்கள். அந்த மெட்ஃபார்மினின் மூலமே ஐரோப்பாவில் விளையும் ஒரு பச்சிலைதான். அச்செடியில் இருந்த பொருளை ஆராய்ந்து, அதன் வழியில் 1922-இல் இம்மருந்தை உருவாக்கினார்கள். 1957-இல் பிரான்சு நாட்டு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டு வெளியிட்டார். பச்சிலையைப் படைத்தவனும் அதை அளந்து கொடுக்கும் அறிவைத் தந்தவனும் அல்லாஹ்தான். இன்சுலின் பன்றியிலிருந்து எடுக்கப்படுகிறது என்று கேள்விப்பட்டு ஊசியை மறுத்தவர்களும் நம்மிடையே உண்டு. முற்காலத்தில் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்தது உண்மையே. 1982 முதல், மனித இன்சுலினை நுண்ணுயிர்களின் வழியாகத் தயாரிக்கும் முறை நடைமுறைக்கு வந்துவிட்டது. இப்போது பரவலாகப் பயன்படுவது அவ்வகையே. ஐயம் இருப்பவர் மருத்துவரிடம் கேட்டுத் தெளிவு பெறட்டும். கேட்காமல் ஊசியை நிறுத்த வேண்டாம்.

ரமளானுக்கு இன்னும் ஆறேழு வாரங்கள் இருக்கின்றன. நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்க வேண்டிய காலம் இதுவே. நோன்பு வைக்கலாமா, வைத்தால் எந்த மருந்தை எந்த வேளைக்கு மாற்றுவது என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். இஃப்தாரை விரைவுபடுத்துவதும் ஸஹரைத் தாமதப்படுத்துவதும் சுன்னத்; சர்க்கரை நோயாளிக்கு மருத்துவர் சொல்வதும் அதுவே. ஸஹர் செய்யாமல் நோன்பு வைக்காதீர்கள். நோன்பு திறக்கும்போது ஒரு பேரீச்சை, தண்ணீர், ஒரு கோப்பைக் கஞ்சி போதும். சர்பத்தும் சமோசாவும் வடையும் நோன்பின் ருக்னுகள் அல்ல.

பகலில் விரலைக் குத்தி இரத்தம் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பது பெரும்பான்மை உலமாக்களின் கருத்து. நோன்பு முறிந்துவிடுமோ என்றஞ்சிச் சோதிக்காமல் இருக்காதீர்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேலே ஏறினாலோ உடனே நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் ஆகியவை சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறிகள். மஃக்ரிபுக்குப் பத்து நிமிடமே இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. மூன்று கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும்.

நோயாளிக்குச் சலுகை அளித்தவன் அல்லாஹ். ஸூரத்துல் பகராவில் நோன்பைக் கடமையாக்கிய இடத்திலேயே நோயாளியின் சலுகையையும் அருளினான். அவன் நமக்கு இலகுவையே நாடுகிறான். பின்னர் நோன்பு வைக்க இயன்றவர் களாச் செய்யட்டும். இனி இயலாது என்ற நிலையில் உள்ளவர் ஃபித்யா கொடுக்கட்டும். ‘ஊர் என்ன சொல்லும்?’ என்று அஞ்சி, மருத்துவர் தடுத்தும் நோன்பு வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஊராகிய நாம்தான் அவர்களுக்கு அந்த அச்சத்தைத் தருகிறோம். இவ்வாண்டு ரமளானில், நோன்பு வைக்க முடியாத முதியவரைப் பார்த்து யாரும் புருவத்தை உயர்த்த வேண்டாம்.

முடிவாக மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது: உளூச் செய்யும்போது கால் விரல் இடுக்குகளைக் கோதிக் கழுவுவது சுன்னத். நாளைக்கு ஐந்து முறை நம் பாதங்களைப் பார்க்கும் வாய்ப்பை மார்க்கம் தந்திருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் அப்போது புண், வெடிப்பு, நிற மாற்றம் இருக்கிறதா என்று பாருங்கள். கழுவியபின் விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடையுங்கள். குனிய இயலாதவருக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.

இரண்டாவது: இந்த மலர் வீட்டுப் பெண்களின் கைக்கும் செல்லும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சிய சோற்றை மிஞ்சிய ஆணத்தோடு நேரம் கெட்டுச் சாப்பிடுபவர்கள் நம் தாய்மார்கள். தங்களுக்குச் சோதனை வேண்டும் என்று அவர்கள் வாய்திறந்து கேட்க மாட்டார்கள். நீங்கள் அழைத்துச் செல்லுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சோதனையும் மாத்திரையும் இலவசம்.

மூன்றாவது: நம் மண்டபத்தில் நடைபெறும் வலீமா விருந்துகளில் ஒரு காய்கறி உணவும், சர்க்கரை சேர்க்காத தேநீரும் இடம்பெற ஜமாஅத் வழிசெய்யட்டும். வேண்டாம் என்பவரை ‘ஒரு நாள்தானே’ என்று வற்புறுத்துவது உபசரிப்பாகாது.

அந்தப் பெரியவர் இப்போதும் நாற்காலியில் அமர்ந்து முன் ஸஃப்பின் ஓரத்தில் தொழுகிறார். மாத்திரையும் ஊசியும் தவறாமல் எடுத்துக்கொள்கிறார். சோற்றில் கருஞ்சீரகத்தையும் தூவிக்கொள்கிறார். ஸலாம் கொடுக்கத் திரும்பும்போதெல்லாம் என் கண் அவர் பாதத்தின் மீது விழுகிறது. என்னுடைய சொல்லைக் கேட்டு இம்மஹல்லாவில் வேறு யாரேனும் மருந்தை நிறுத்தியிருந்தால், அவர்கள் இன்றே மருத்துவரிடம் சென்று கேளுங்கள். உங்களிடம் நான் மன்னிப்புக் கோருகிறேன்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்கு ஷிஃபாவை அருள்வாயாக! தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பணிவையும், கேட்டறிந்து நடக்கும் தவ்ஃபீக்கையும் எங்களுக்குத் தருவாயாக! உடல் நலத்தோடும் ஈமானோடும் ரமளானை அடையச் செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.